திறப்பு விழாத் தேதி மட்டும் நகராது

அருங்காட்சியகக் கூடமோ அரசுக் கண்காட்சியோ, வேலை தொடங்கும்போதே ஒரே ஒரு தேதி உறுதியாகிவிடும்: ரிப்பன் வெட்டும் நாள். மற்ற எல்லாம் தள்ளிக்கொண்டே போகும். விளக்க உரைக்கு ஒப்புதல் வர மூன்று வாரம் தாமதம், டெண்டர் இரண்டு வாரம், அதனால் தச்சு வேலையும் தாமதம். இந்த நாட்களையெல்லாம் எங்கே கழிக்கிறார்கள்? காட்சிப்பெட்டியின் பெயின்ட்டும் பசையும் காய ஒதுக்கிய வாரங்களில்தான். அட்டவணையில் "வேலை எதுவும் இல்லை" என்று தெரிவது அவைதானே, வெட்டினால் யாருக்கும் உறுத்தாது. இந்தத் துறையின் மிக மோசமான பழக்கம் இது என்பேன்.

காட்சிப்பெட்டி என்பது காற்றுப் புகாமல் மூடிய பெட்டி. அடித்தட்டில் போட்ட எம்.டி.எஃப். பலகையிலிருந்து (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்வது) ஃபார்மால்டிஹைடு என்ற வாயு கசியும். ஓக் மரத்திலிருந்து அசிட்டிக் அமில ஆவி வரும். கண்ணாடி இடுக்கில் பூசும் சாதாரண சிலிக்கோன் காயும்போது வினிகர் வாடை அடிக்கிறதே, அதுவும் அதே அமிலம்தான். திறந்த அறையில் கலைந்து போய்விடும். பெட்டிக்குள் அடைபட்டால், உள்ளே இருக்கும் ஈய முத்திரையின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். பார்த்தால் தூசி மாதிரி இருக்கும். ஆனால் அது அரித்துப்போன ஈயமே. துடைத்தால் முத்திரையின் எழுத்தும் கூடவே போய்விடும். சங்கு, சிப்பிகளுக்கும் இதே கதிதான். வெள்ளிக்கு வேறு எதிரி: கம்பளி ஃபெல்ட் விரித்த பெட்டியில் கந்தக ஆவி பட்டுக் கறுத்துவிடும்.

இதையெல்லாம் முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973-ல் முன்வைத்த சோதனை இன்றும் நடைமுறையில் உள்ளது. பலகை, துணி, பெயின்ட் எதுவானாலும் ஒரு சிறு துண்டை வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளோடு, கொஞ்சம் தண்ணீரும் வைத்துக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் 28 நாள் வைக்க வேண்டும். தகடு நிறம் மாறினால் அந்தப் பொருள் பெட்டிக்குள் போகக் கூடாது. கவனியுங்கள், 28 நாள். திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது "பின்னணித் துணி கொஞ்சம் அடர் சிவப்பாக இருந்தால் எடுப்பாக இருக்குமே" என்று மேலிடத்திலிருந்து யோசனை வந்தால், புதுத் துணி சோதனை இல்லாமலே உள்ளே போகும். அந்த யோசனை வராத திட்டம் அபூர்வம்.

அதனால் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டியவை சில. அமிலம் விடாத நியூட்ரல் வகை சிலிக்கோன் மட்டுமே. உள்தட்டுக்குப் பலகைக்குப் பதில் பவுடர் கோட்டிங் செய்த உலோகம். பலகை தவிர்க்கவே முடியாது என்றால் எல்லாப் பக்கமும், வெட்டுவிளிம்பு உட்பட, அலுமினியத் தடுப்புப் படலம் ஒட்ட வேண்டும். விளிம்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். கசிவு அங்கேதான் அதிகம். பெயின்ட் அடித்த பெட்டி கதவு திறந்தபடி குறைந்தது மூன்று நான்கு வாரம் கிடக்க வேண்டும். பிறகு மூடிவிட்டு, அமிலம் காட்டும் நீலப் பட்டை ஒன்றை ஒரு நாளாவது உள்ளே வையுங்கள். பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் பெட்டி இன்னும் தயாராகவில்லை.

வெளிச்சத்திலும் இதே அவசரம்தான். துணிக்கும் காகிதத்துக்கும் வழக்கமான வரம்பு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). கடைசி நேரத்தில் வாசலில் ராட்சத எல்.இ.டி. சுவர் ஒன்று முளைக்கும். அதைப் பார்த்துக் கூசிய கண்ணோடு உள்ளே வருபவருக்கு 50 லக்ஸ் கும்மிருட்டு. "ஒன்றுமே தெரியவில்லை" என்ற புகார் வந்ததும் விளக்கைக் கூட்டிவிடுவார்கள். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே வெளிச்சம் படிப்படியாகக் குறையும் ஒரு நடைவழி இருந்தால் இந்தப் புகாரே வராது.

காய்வதற்கான காலத்தையே வடிவமைப்பாக்கிய கட்டடமும் உண்டு. ஜெர்மனியின் ஹானோவரில் நடந்த எக்ஸ்போ 2000 உலகக் கண்காட்சியில் கட்டடக் கலைஞர் பீட்டர் சும்தோர் சுவிட்சர்லாந்துக்காகக் கட்டிய அரங்கில், பச்சை மரச் சட்டங்களை ஆணி, பசை இல்லாமல் அடுக்கி, எஃகுக் கம்பியும் ஸ்பிரிங்கும் கொண்டு இறுக்கினார்கள். மரம் காய்ந்து சுருங்கச் சுருங்க ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும். கண்காட்சி முடிந்ததும் பிரித்து மரமாகவே விற்றார்கள்.

எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. தேதி நெருங்கிவிட்டது, பெட்டி காயவில்லை என்றால் நான் சொல்வது ஒன்றுதான்: விழாவன்று நல்ல பிரதி ஒன்றை வையுங்கள், லேபிளில் "பிரதி" என்று வெளிப்படையாகப் போடுங்கள், அசலை அடுத்த மாதம் வையுங்கள். இதற்கான பிரிவை முதல் ஒப்பந்தத்திலேயே சேர்த்து, பிரதிக்கான செலவையும் மதிப்பீட்டில் போட்டுவிட வேண்டும். கடைசி வாரத்தில் கேட்டால் அந்தக் கோப்பு நகராது.