ஓ.டி.ன்னா ஆபரேஷன் தியேட்டர் இல்ல சார்!

நேத்து சாயங்காலம் இன்சூரன்ஸ் ஆபீஸ்லேர்ந்து கவர் திரும்பி வந்துடுச்சு. நாலு மாசமா பதிலே இல்லாம கிடந்த தெரபி பில்லுங்க, அனுப்பினது அனுப்பினபடியே. மேல ஒரு துண்டுச் சீட்டு: "அறுவை சிகிச்சை விவரம், டிஸ்சார்ஜ் சம்மரி இணைக்கப்படவில்லை."

அறுவை சிகிச்சையா? யாருக்கு? என் பொண்ணுக்கு ஆறு வயசு. சி.பி., அதாவது மூளை முடக்குவாதம். வாரம் மூணு நாள் ஆக்குபேஷனல் தெரபி, சுருக்கமா ஓ.டி. வலது கை விரலை விரிக்க, ஸ்பூன் பிடிக்க, சட்டைப் பொத்தான் போட. அவ மேல கத்தி பட்டதே கிடையாது.

போன் போட்டேன். ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்துன்னு நாப்பது நிமிஷம். கடைசியில ஒருத்தர் எடுத்தார்.

"பில்லுல ஓ.டி. சார்ஜ்னு இருக்கே மேடம். சர்ஜரி நோட்ஸ் எங்க?"

"சார், அது ஆக்குபேஷனல் தெரபி."

"சரி மேடம். எந்த தியேட்டர்ல பண்ணாங்க?"

"தியேட்டரே இல்ல சார். ரூம்ல பாய் விரிச்சு உக்கார வச்சுப் பண்றாங்க."

"அட்மிஷன் தேதி சொல்லுங்க."

"அட்மிஷன் இல்ல சார். போய்ட்டுப் போய்ட்டு வர்றோம்."

"அட்மிஷன் இல்லாம எப்படி மேடம் ஓ.டி. சார்ஜ் போடுவாங்க?"

அந்த பில்லுல மாசத்துக்குப் பன்னண்டு தடவை ஓ.டி.ன்னு இருக்கு. ஆறு வயசுக் குழந்தைய மாசம் பன்னண்டு தடவை அறுப்பாங்களா? தடவைக்கு 500 ரூபாய்க்கு எந்த ஊர்லய்யா ஆபரேஷன் பண்றாங்க? கண்ணால பாத்துத்தானே திருப்பி அனுப்பினீங்க?

கடைசியா ஒரு யோசனை சொன்னார் பாருங்க. "பிசியோதெரபின்னு மாத்தி எழுதி வாங்கிட்டு வாங்க மேடம், பாஸ் ஆயிடும்." எனக்கு ரத்தம் கொதிச்சுடுச்சு. பண்ணாத சிகிச்சைக்கு நான் ஏன் பொய் பில் வாங்கணும்? பிசியோ அவளை நிக்க வைக்க, நடக்க வைக்க. ஓ.டி. அவ தானே சாப்பிட, குளிக்க, உடுத்த, எழுத. 2021ல மத்திய அரசு கொண்டு வந்த சட்டத்துலயே இந்தத் தொழிலுக்குத் தனியா இடம் இருக்கு. பில்லு பாக்குற ஆளுக்கு மட்டும் அது இன்னும் தெரியல.

நிராமயா, அதான் எங்க பிள்ளைங்க மாதிரி மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசுக் காப்பீடு, அந்தக் கார்டு வச்சிருக்கவங்களுக்கு நான் சொல்லணுமா? வருஷத்துக்கு ஒரு லட்சம்னு கேக்க நல்லாத்தான் இருக்கு. முதல்ல கைக்காசைப் போடணும், அப்புறம் பில்ல அனுப்பிட்டு வாசலைப் பாத்துட்டு உக்காரணும். அந்த லட்சத்துக்குள்ள தெரபிக்குன்னு தனியா ஒரு உச்சவரம்பு வேற. முதலமைச்சர் காப்பீட்டுல குடும்பத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு, அதுவும் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில படுத்தாத்தான். எங்க பிள்ளைங்களுக்கு வேண்டியது வாரம் தவறாம, வருஷக்கணக்கா ஒரு மணி நேரம். அறுத்தாக் காசு தர்றீங்க, அறுக்காம ஒரு கையைப் பழக்குறதுக்கு ஏன் இப்படி அலைய விடுறீங்க?

மாசம் 6,000 ரூபாய். திரும்பி வரும்னு நம்பித்தான் கடன் வாங்கிக் கட்டினோம். வராம தை மாசம் ரெண்டு வாரம் நிறுத்தினோம். அந்த ரெண்டே வாரத்துல விரல் திரும்ப உள்ளங்கைக்குள்ள மடங்கிக்கிச்சு. அதை மறுபடி விரிக்க ஒரு மாசம் ஆச்சு. இதை எந்தச் சீட்டுல எழுதி அனுப்புறது?

இன்னிக்குக் காலையில அவளே சட்டை போட்டா. இடது கையால துணியை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, வலது கட்டைவிரலால பொத்தானைத் தள்ளித் தள்ளி, நாக்கைக் கடிச்சுக்கிட்டு, பதினோரு நிமிஷம். ஒரே ஒரு பொத்தான். "அம்மா, போயிடுச்சு!"ன்னு கத்துனா. ஸ்கூல் வேன் போயிருந்துச்சு. போகட்டும்.

ஆமா, இந்த யூனிஃபார்ம் தைக்கிறவங்களைக் கேக்குறேன், துவரம்பருப்பு மாதிரி ஒரு பொத்தானை வச்சு, அது நுழையவே முடியாத மாதிரி ஏன் காஜா அடிக்கிறீங்க? ஒரு நூல் அகலமா அடிச்சா உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்?