அந்த மாத்திரை குளிருக்கு இல்லை அண்ணா

"கிட்னி மாற்றியவர்கள் மலையில் இருந்தால், பனி தொடங்கியதும் மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கி தினமும் ஒன்று போட்டால் சளி, காய்ச்சல் அண்டாது" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள் அண்ணா. கோத்தகிரியில் என் அம்மாவும் மாற்றுச் சிறுநீரகத்தோடுதான் இருக்கிறார். முதல் சில மாதங்கள் கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் அது நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் நிமோனியாவைத் தடுக்க, கூடவே சிறுநீர்த் தொற்றுக்கும், அதுவும் டாக்டர் ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்துக் கொடுப்பது, ஏனென்றால் அந்த மாத்திரையே பொட்டாசியத்தைக் கூட்டிவிடலாம். சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. அப்புறம், கடையில் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்கச் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறி, வைத்த சிறுநீரகத்தையே கெடுக்கும். ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக் என்றால் நேர்மாறு, டாக்ரோலிமஸ் அளவு இறங்கி உடம்பு சிறுநீரகத்தை நிராகரிக்கலாம். சரி, காய்ச்சல் வந்தால்? மாற்றுச் சிறுநீரகத்துக்காக ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கு உடம்பு அதிகம் சுடாமலேயே தொற்று முற்றிவிடலாம், அதனால் 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலே ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கு அப்போதே போன் செய்யுங்கள். மேட்டுப்பாளையம் இறங்க வேண்டியிருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.