மரத்தோடு தண்ணீரையும் ஏற்றுகிறோம்

மர ஏற்றுமதி என்று பேச்செடுத்தால் முதல் கேள்வி 'என்ன மரம்?' என்பதுதான். ஓக்கா, பைனா, தேக்கா? அப்புறம் விலை. 'ஈரம் எவ்வளவு?' என்று கேட்பவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மென்மரம், வன்மரம் என்ற பெயர்களை நம்பியும் பயனில்லை. ஊசியிலை மரம் மென்மரம், அகன்ற இலை மரம் வன்மரம், பிரிவினை அவ்வளவுதான். நகம் பதிகிற பால்சா வன்மரக் கணக்கில் வருகிறது. கெட்டியான யூ மரம் மென்மரமாம்!

சரி, ஈரத்துக்கு வருவோம். மரத்தில் உள்ள தண்ணீரின் எடையை, அறவே உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுத்தான் ஈரப்பதம் சொல்வார்கள். அதனால் அது 100 சதவீதத்தைத் தாண்டவும் செய்யும். வெட்டிய சூட்டோடு அறுத்த பைனின் வெளிப்பகுதியில் இது சர்வ சாதாரணம். 100 சதவீதம் என்றால் பாதி எடை தண்ணீர். கன்டெய்னருக்கு எடை வரம்பு உண்டு. இடம் மிச்சம் இருக்கும்போதே வரம்பு நிறைந்துவிடும். கப்பல் கூலி கொடுத்துத் தண்ணீரைக் கடல் தாண்ட வைக்கிறோம்.

கூலியோடு போனால் பரவாயில்லை. சுமார் 30 சதவீதம் வரை மரம் காய்ந்தாலும் சுருங்காது. அதற்குக் கீழே இறங்கும்போதுதான் சுருங்க ஆரம்பிக்கும், அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அல்ல. மரத்தின் வளர்ச்சி வளையங்களின் போக்கில் சுருங்குவது, வளையங்களுக்குக் குறுக்கே சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏற்றும்போது தட்டையாக இருந்த பலகை இறக்கிய இடத்தில் கிண்ணம்போலக் குழிவது இதனால்தான்.

வட அமெரிக்காவில் வீடு கட்டும் மென்மரச் சட்டத்துக்கு 19 சதவீதம்வரை 'உலர்ந்தது' என்று முத்திரை. அறைகலன் செய்யும் வன்மரத்துக்கோ 6 முதல் 8 சதவீதம் வேண்டும். ஒப்பந்தத்தில் மட்டும் இரண்டுமே 'உலர்ந்த மரம்'.

ஒருமுறை கன்டெய்னர் கதவைத் திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அடித்தது. கூரைத் தகட்டில் நீர்த்துளிகள் வரிசையாகத் தொங்கின. பகல் சூட்டில் மரம் விட்ட ஈரம், இரவுக் குளிரில் கூரையில் நீராகி, மேல்கட்டுகளின் மீதே சொட்டியிருக்கிறது. அங்கே கரும்பூஞ்சை. ஆவணத்தில் 12 சதவீதம் என்று இருந்தது. நடுக்கட்டிலிருந்து ஒரு பலகையை உருவி மேற்பரப்பில் ஈரம் அளக்கும் மீட்டரின் ஊசியைக் குத்தினேன், 12தான். குறுக்கே அறுத்து நடுவில் குத்தினால் 20ஐத் தாண்டியது. அவசர அவசரமாகச் சூளையில் காயவைத்திருக்கிறார்கள். மென்மரச் சட்டம் ஓரிரு நாளில் காயும். தடித்த ஓக் பலகைக்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும், அவசரப்பட்டால் உள்ளே வெடித்துவிடும். இதில் விற்றவர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. எங்கே அளப்பது என்று எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லை. என் தப்பும் பாதி.

அளவிலும் இதே கூத்து உண்டு. 'இரண்டுக்கு நான்கு' என்று வாங்கும் சட்டம் உண்மையில் ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம், அதாவது 38க்கு 89 மில்லிமீட்டர். தொழிலில் இருப்பவருக்கு இது தெரியும். புதிதாக வாங்குபவர் முழு இரண்டு அங்குலம் என்று நினைத்துக் கன அளவு கணக்குப் போட்டால் சண்டைதான்.

இதில் வேடிக்கை, பலகையை இவ்வளவு அசட்டையாக அனுப்புகிறவர்களும் அதன் அடியில் கிடக்கும் முட்டுக்கட்டையில் கோட்டை விட்டால் தப்ப முடியாது. பூச்சி கடல் தாண்டாமல் இருக்க, பொதி மரத்தின், அதாவது சரக்கைப் பொதியவும் தாங்கவும் வைக்கிற மரத்தின், நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும், அல்லது ஏற்கப்பட்ட வேறு முறையில் பதப்படுத்தியிருக்க வேண்டும். எதுவானாலும் முத்திரை குத்தியிருக்க வேண்டும். 2002இல் வந்த இந்தச் சர்வதேச விதியை ஐஎஸ்பிஎம் 15 என்பார்கள். ஒட்டுப்பலகைக்கு இது கிடையாது, செய்யும்போதே சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்துவிடுகிறது.

இப்போது நான் ஒப்பந்தத்தில் சேர்க்கிற வரி நீளமானது: பலகையின் முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளிக் குறுக்கே அறுத்து, அறுத்த முகத்தின் நடுவில் மீட்டர் ஊசியைக் குத்தி அளக்க வேண்டும். முனைகள் சீக்கிரம் காய்ந்துவிடும், அங்கே அளந்தால் நல்ல எண்தான் வரும். ஒரு கட்டுக்கு எத்தனை பலகை அறுப்பது, அறுத்த பலகையின் காசு யார் தலையில் என்பதையும் எழுதிவிடுகிறேன். இந்தக் கடைசி வரியில்தான் பேரம் அதிக நேரம் நடக்கிறது.