பிரஷர் நார்மல் ஆனதும் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்

நேற்றிலிருந்து எல்லோரும் பகிரும் அந்த வீடியோவைப் பற்றித்தான். "பிரஷர் 120/80 வந்துவிட்டதே, இனி மாத்திரை எதற்கு? நிறுத்துங்கள்" என்கிறார் அதில் பேசுபவர். கீழே வரிசையாக நன்றிகள். மனசு ஆறவில்லை.

அந்த 120, மாத்திரையால் வந்த 120. அம்லோடிபின் என்ற பிரஷர் மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால் நிறுத்திய ஓரிரு நாள் பிரஷர் நன்றாகவே இருக்கும், 'ஒன்றும் ஆகவில்லையே' என்று தோன்றும். பிறகு சத்தமில்லாமல் ஏறும், பெரும்பாலும் தலைவலிகூட இருக்காது. குளோனிடின் என்ற இன்னொரு பிரஷர் மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் பழைய அளவையும் தாண்டி எகிறலாம். இதய நோய் உள்ளவர் பீட்டா பிளாக்கரை (இதயத் துடிப்பையும் பிரஷரையும் குறைக்கும் மருந்து வகை) திடீரென விட்டால் மாரடைப்பு வரைகூடப் போகலாம். இதையெல்லாம் சொல்லாமல் எப்படி ஐயா "நிறுத்துங்கள்" என்கிறீர்கள்?

உலகில் 30 முதல் 79 வயது வரையிலானவர்களில் 1990இல் சுமார் 65 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது, 2019இல் சுமார் 130 கோடி. கட்டுப்பாட்டில் இருப்பது ஐந்தில் ஒருவருக்குத்தான். கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. கனடாவிலும் தென்கொரியாவிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டுக்குள் இருக்கிறது. கண்டுபிடித்தார்கள், மருந்தைத் தொடர்ந்தார்கள். கஷ்டப்பட்டு அந்த ஐந்தில் ஒருவராக ஆனவரைத்தான் இந்த வீடியோ வெளியே இழுக்கிறது.

"மருந்து கம்பெனிக்குப் பேசுகிறாய்" என்பீர்கள். இவை காப்புரிமை எப்போதோ முடிந்த பழைய மருந்துகள். பக்கவிளைவு? உண்டு. அம்லோடிபினில் கணுக்கால் வீங்கலாம், எனலாப்ரில் என்ற பிரஷர் மருந்தில் வறட்டு இருமல் வரலாம். மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்றுவார். உப்பை நாளுக்கு 5 கிராமுக்குள் கொண்டுவந்து எடையும் குறைந்தால் மருந்தின் அளவைக் குறைக்க முடியும், சிலருக்கு நிறுத்தவும் முடியும். அதுவும் படிப்படியாக, அளந்து பார்த்துக்கொண்டே.

வீடியோவில் அவர் பிரஷர் அளந்த விதத்தையாவது கவனித்தீர்களா? பேசிக்கொண்டே, கையைத் தொங்கவிட்டு, சட்டைமேல் கஃப் (கையில் சுற்றும் பட்டை) சுற்றி. அந்த எண்ணை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை இதய மட்டத்தில் தாங்கலோடு இருக்கட்டும். கஃப் சிறிதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும்.

7 நாள், காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி பாருங்கள். வீட்டு அளவில் 135/85 தாண்டினால் அதிகம். தாண்டாவிட்டாலும் மாத்திரையைத் தொடருங்கள், அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டிவிட்டு மருந்தின் அளவைப் பற்றிப் பேசுங்கள்.