ஆடம் ஸ்மித் அப்படிச் சொல்லவில்லை

பொருளாதாரத்தில் அரசு தலையிடவே கூடாது என்று 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துப் பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் சொன்னதாக ஒரு பதிவு சுற்றுகிறது. பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். அரசு எதுவரை போகலாம் என்பது தனி விவாதம். ஆனால் ஸ்மித் சொன்னது இதுவல்ல.

1776இல் வந்த 'வெல்த் ஆஃப் நேஷன்ஸ்' நூலில், வணிகர்களுக்கான ஏகபோக உரிமைகளையும் இறக்குமதித் தடைகளையும் அவர் வெளுத்து வாங்குகிறார், சரி. அதே நூலில் அரசுக்கு மூன்று கடமைகளையும் வைக்கிறார்: நாட்டுப் பாதுகாப்பு, நீதி, அப்புறம் தனியாருக்குக் கட்டுப்படியாகாத பொதுப்பணிகள். சாலை, பாலம், கால்வாய் மட்டுமல்ல, எளிய மக்களின் பிள்ளைகளுக்கான கல்வியும் அதில் வருகிறது.

வங்கி விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். மிகச் சிறிய தொகைகளுக்குத் தனியார் வங்கிகள் தாங்களே பண நோட்டு வெளியிடுவதைத் (அன்று அந்த வழக்கம் இருந்தது) தடுக்கலாம் என்கிறார். அது சுதந்திரத்தில் கைவைப்பதுதான் என்று மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். தீ பரவாமலிருக்க வீடுகளுக்கு நடுவே சுவர் எழுப்பச் சொல்லும் சட்டமும் அப்படித்தானே என்கிறார். வட்டிக்குச் சட்டப்படி உச்சவரம்பு வைப்பதையும் ஆதரித்தவர் அவர். (இன்றைய சந்தை ஆதரவாளர்கள் பலரே இதை ஏற்கமாட்டார்கள்.)

சரிபார்க்க நினைப்பவர்களுக்கு: நூல் 'புராஜெக்ட் குட்டன்பெர்க்' என்ற மின்னூல் தளத்தில் ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மூன்று கடமைகள் நான்காம் பாகத்தின் ஒன்பதாம் அத்தியாய முடிவில் இருக்கின்றன, விரிவு ஐந்தாம் பாகத்தின் தொடக்கத்தில். வங்கி பற்றிய பகுதி இரண்டாம் பாகம், இரண்டாம் அத்தியாயம்.