கஷாயம் குடிப்பதைத் தோல் டாக்டரிடம் மறைக்காதீர்கள்

சொரியாசிஸ் என்ற, தோல் செதில் செதிலாக உரியும் நோய் உள்ள ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தார்: "அண்ணே, டாக்டர் கொடுத்த ஆயின்ட்மென்ட்டோடு சீன மூலிகைக் கஷாயமும் சேர்த்துக் குடிக்கலாமா?"

எனக்கும் 11 வருஷமாக இந்தப் படை இருக்கிறது. கருப்புச் சட்டை போட்டு அத்தனை வருஷம் ஆகிறது. அதனால் அவர் அவசரம் எனக்குப் புரியும்.

சீன மருந்தில் விஷயம் இல்லாமல் இல்லை. சிங்தாய் என்று ஒரு நீலப் பொடி, அவுரி போலச் சாயம் தரும் இலைகளிலிருந்து எடுப்பது. தைவானின் சாங் குங் மருத்துவமனையில் 42 பேருக்கு ஒரு பக்கம் சிங்தாய் களிம்பு, மறுபக்கம் மருந்தில்லாத களிம்பு என்று 12 வாரம் பூசிப் பார்த்தார்கள். 31 பேருக்கு மருந்து பூசிய படை முழுசாகவோ ஏறக்குறைய முழுசாகவோ மறைந்தது. 2008இல் வெளியான ஆய்வு இது. சிங்தாயிலுள்ள இண்டிருபின் என்ற வேதிப்பொருள் நம் வெட்பாலை இலையிலும் இருக்கிறது என்று படித்தபோது அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

ஆனால் பூசுவது வேறு, குடிப்பது வேறு. ஜப்பானில் பெருங்குடல் புண்ணுக்கு (அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்) இதே சிங்தாயை உள்ளுக்குச் சாப்பிட்ட சிலருக்கு நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம் ஏறியது. 2016இல் அரசே எச்சரித்தது. லெய்குங்தெங் என்ற கொடி வேரும் சொரியாசிஸுக்குக் கொடுப்பதுதான். அது விந்தணுவைக் குறைக்கும். தம்பிக்கு அடுத்த மாதம் கல்யாணம், அதனால் இதை அழுத்திச் சொன்னேன்.

என் கதையையும் சொல்கிறேன். லேபிள் இல்லாத ஒரு டப்பா, "சுத்த மூலிகை" என்று கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் தோல் பளபளவென்று ஆனது. நிறுத்தியதும் முன்னைவிட இரண்டு பங்கு பொங்கியது. உள்ளே ஸ்டீராய்டு இருந்திருக்கும் என்றார் தோல் டாக்டர். 1999இல் லண்டனில் 11 சீன மூலிகை க்ரீம்களைச் சோதித்ததில் 8இல் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட்டுக்கு மேல் தெரியாத ஸ்டீராய்டையும் பூசினால் தோல் எத்தனை நாள் தாங்கும்?

சொரியாசிஸுக்கு டாக்டர் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனம். ஈரலுக்கு அதுவே பாரம், அதற்கு மேல் கஷாயம் வேறா?

தம்பி, கஷாயப் பொட்டலத்தில் என்னென்ன சரக்கு என்று வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் குடிக்காதீர்கள். தந்தால் அந்தச் சீட்டைத் தோல் டாக்டரிடமும், ஆயின்ட்மென்ட் டியூபை வைத்தியரிடமும் காட்டுங்கள். ஈரல், கிட்னி டெஸ்ட் எப்போது எடுக்கணும் என்றும் கேளுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து நான் வாயே திறக்காமல் இருந்தேன். கடைசியில் சொன்னபோது டாக்டர் திட்டவில்லை, "டப்பாவைக் கொண்டு வாங்க" என்றார்.