90+3ல இந்தியன் ஸ்ட்ரைக்கரை இறக்கிவிட்டா அதுவும் ஒரு மேட்ச்சா?

2015 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக் ஃபுட்பால்) ஃபைனல் ஸ்கோர்கார்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. ஃபட்டோர்டா ஸ்டேடியம், 87ல ஜோஃப்ரே அடிச்சு கோவா 2-1, அவ்ளோதான்னு நெனச்சா 90ல கோவா கீப்பர் கட்டிமணி ஓன் கோல், 90+2ல, அதாவது 90 முடிஞ்சு இஞ்சுரி டைம் ரெண்டாவது நிமிஷத்துல மெண்டோசா, கப்பு சென்னையினுக்கு! அந்த +2வ சில பேர் 92ன்னு எழுதுறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு கடுப்பாகும். ஃபைனல்ல 92ன்னா எக்ஸ்ட்ரா டைம்ல (ஸ்கோர் சமமா முடிஞ்சா தனியா ஆடுற 30 நிமிஷம்) விழுந்த கோல்னு ஆயிடும். 45+3ஐ 48ன்னு போட்டா செகண்ட் ஹாஃப் கோல். 2022 வேர்ல்ட் கப்ல இங்கிலாந்துக்கு எதிரா ஈரான் தரெமி போட்ட பெனால்டி 90+13, அத வெறும் 90ன்னு போட்டா அந்த மேட்ச் எவ்ளோ நேரம் இழுத்துச்சுன்னே தெரியாது.

சரி, அதே ஃபைனல்ல கோல் லிஸ்டை பாருங்க. பெலிசாரி, ஜோஃப்ரே, மெண்டோசா மூணு பேரும் ஃபாரின். நம்மாளுங்க ரெண்டே பேரு, ஹாவோகிப், அப்புறம் அந்த ஓன் கோல் 😂 அப்போ ஒரு டீம்ல 6 ஃபாரின் பிளேயர் களத்துல நிக்கலாம். 2017ல 5 ஆக்குனாங்க, 2021ல 4. நல்லதுதான், நான் எதிர்க்கல. ஆனா அந்த நாலு பேரை எங்க நிறுத்துறாங்க? முக்கால்வாசி டீம்ல ஸ்ட்ரைக்கர் ஃபாரின்தான், நம்ம பசங்க விங்குக்கு போகணும் இல்லன்னா பெஞ்ச். அதனாலதான் 2024 ஜூன்ல நேஷனல் டீமுக்கு டாட்டா காட்டுன ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரிய 2025 மார்ச்ல, 40 வயசுல, திரும்ப கூப்பிட வேண்டியதாச்சு.

லிமிட்டை 3 ஆக்குன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், எண்ணிக்கைய கொறச்சா கொறையுறது டிஃபென்ஸ்ல ஒரு ஃபாரினரா இருக்கும், ஸ்ட்ரைக்கர் இடத்துல எந்த கோச்சும் கை வைக்கமாட்டாரு, தோத்தா வேல போறது அவருக்குதானே.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. லீட்ல இருக்கும்போது டைம் கடத்த 90+3ல ஒரு இளம் ஸ்ட்ரைக்கரை இறக்குவாங்க, பையன் பந்த தொடக்கூட மாட்டான், விசில் ஊதிடும். ரெக்கார்டுல அதுவும் ஒரு மேட்ச்! சீசன் முடிஞ்சதும் "சான்ஸ் குடுத்தோமே"ன்னு மேட்ச் எண்ணிக்கைய காட்டுவாங்க. அதெல்லாம் வேணாம், ஒவ்வொரு கிளப்பும் இந்தியன் ஸ்ட்ரைக்கர் எத்தன நிமிஷம் ஆடுனான்னு, இஞ்சுரி டைமையும் சேத்து, தனியா போடட்டும். லிமிட் 4ஆ 3ஆன்னு அப்புறம் பேசலாம்.